‘ம்’ கொட்டியது யார்?

பேய் மனிதனைத் துரத்தியிருக்கிறது. பிடித்திருக்கிறது. புளியமரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டும் இருக்கிறது. ஆனால் ஒரு பேயை எதிரில் உட்காரவைத்து, முழுசாக ஒரு கதை சொல்லி, “அப்பறம்?” என்று அதைக் கேட்கவைத்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். ராயபுரம் இக்னேஷியஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். பேய் தயவில் பல்கலைக்கழகப் பரீட்சையில் பாஸ் செய்தவரும் அவர் ஒருவர்தான்.

நம்பமாட்டீர்கள். தெரியும். கோயில் தெருவிலும் ஒருவர் நம்பவில்லை. டீக்கடையில் இதைச் சொன்னபோது, கொதித்துக்கொண்டிருந்த பாலே சிரித்துப் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

ஆனால் நடந்தது. அதுவும் நடுராத்திரியில் அல்ல. பட்டப்பகலில், எண்ணூர் முகத்துவாரத்தில், உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் நடந்தது. எதையும் ஒரு கைப்பிடி கூட்டிச் சொன்னால்தான் ருசி. இந்த விஷயத்தில் மட்டும் கூட்டுவதற்கு எதுவும் மீதமில்லை.

இக்னேஷியஸ் வாயைத் திறந்தால் நெத்திலி திமிங்கிலமாகிவிடும். கல்யாணமான முதல் வாரம், மனைவி ஐரீனிடம் ஒரு கதை சொன்னார். கப்பலில் வந்த சர்க்கஸ் யானையைத் தன் கிரேனில் கட்டி இறக்கினாராம். அது அந்தரத்தில் தொங்கிக்கொண்டே தும்பிக்கையைத் தூக்கி அவருக்கு சல்யூட் வைத்ததாம். புதுப்பெண் ஐரீன் வரிக்கு வரி ‘ம்’ கொட்டிக் கேட்டார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று அதைப் பெருமையாகப் பத்துப் பேரிடம் சொல்லவும் செய்தார். அவர்கள் சிரித்த சிரிப்பில் மணிக்கூண்டுப் புறாக்கள் பறந்தன. அன்று மூடிய உதடு. அதன்பிறகு முப்பத்தெட்டு வருஷமாகப் புருஷன் சொல்லும் எந்தக் கதைக்கும் ஐரீன் ‘ம்’ கொட்டியதில்லை.

கதையும் சோறும் ஒன்று. சாப்பிடுகிறவன் இருந்தால்தான் பரிமாற முடியும். ‘ம்’ கொட்ட ஆளில்லாத கதை தொண்டையிலேயே ஊசிப்போகும். இக்னேஷியஸின் தொண்டையில் முப்பத்தெட்டு வருஷக் கதைகள் கிடந்தன.

அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் வாய்மொழிக் கதைசொல்லலுக்கு ஒரு வருஷப் பட்டயப் படிப்பு இருப்பது தெரிந்தது. சனி ஞாயிறு வகுப்பு. வயது வரம்பு கிடையாது. ‘முத்திரை குத்தின கதைசொல்லி ஆயிட்டா, ஐரீன் ஒரு ம்மாவது கொட்டித்தானே ஆகணும்’ என்று கணக்குப் போட்டுச் சேர்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது பட்டயம் இல்லை. அந்த ஒரு ‘ம்’.

சேர்ந்த நாள் முதல் எரிச்சல்தான்.

முதல் தேர்வில் யானைக் கதையை எடுத்தார். இருபது நிமிஷம் ஒரே மூச்சு. நடுவில் எச்சில் விழுங்கியதாகக்கூடச் சாட்சி இல்லை. முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தார். வியாசர்பாடி சித்தார்த் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டான்.

“நைனா, யானைய எறக்கிட்டியா? இல்ல இன்னும் தொங்கினு கீதா?”

பேராசிரியர் மகிழினி சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. “சார், நடுவுல யாராவது ம் கொட்ட எடம் விட்டீங்களா?”

“எடம் வுட்டா குறுக்குக் கேள்வி கேப்பாங்கம்மா.”

“கதையில பாதிதான் சொல்றவரோடது. மீதி கேக்கறவரோடது. அவங்க பங்கை நீங்களே தின்னுட்டீங்க.”

ஃபெயில்.

இரண்டாவது தேர்வில் இடம் விட்டார். வேறு குற்றம் வந்தது. “ஹீரோ வீட்டுக்குப் போனான்னு சொல்றீங்க. எந்த வீடு? கதவு என்ன கலரு? உள்ள போனா எங்க உக்காருவான்? ஒண்ணுமே தெரியலையே. கேக்கறவங்களுக்கு உக்கார எடம் காட்டுங்க சார். அப்பதான் அவங்க கதைக்குள்ள வருவாங்க.”

அதுவும் ஃபெயில்.

மூன்றாவது, கடைசி. கேட்பவர் ஒருவரை எதிரில் வைத்துக் கதை சொல்லி, அவருடைய ‘ம்’மோடு போனில் பதிவு செய்து கொண்டுவர வேண்டும். இதிலும் போனால் பெயர் நீக்கம்.

வீட்டுக்கு வந்து ஐரீனிடம் கெஞ்சினார். ஐரீன் வஞ்சிரத்தின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு கதை. நடுநடுவுல ம், ம்னா போதும் ஐரீனு.”

“ம் கொட்டினா நம்பிட்டேன்னு அர்த்தம். இன்னொரு தபா கோயில் வாசல்ல மானம் போக நான் தயாரா இல்ல.”

“பரீட்சைக்குத்தான கேக்கறேன்?”

“யானைக்கிட்ட போய்க் கேளு. சல்யூட் வச்சிது இல்ல, ம் கொட்டாதா?”

சரி, தனியாகவாவது பேசிப் பார்ப்போம் என்று போனை எடுத்தால், அந்த வீட்டில் ஒரு நிமிஷம் அமைதி கிடையாது. குக்கர் கத்தியது. பக்கத்து வீட்டு மிக்ஸி கத்தியது. கீழே கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுத்துப் பாட்டுப் பாடியது. இக்னேஷியஸ் பால்கனியில் நின்று லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் விசாரித்துக்கொண்டிருந்தபோது, தெருவில் இறால் கூடையோடு சொக்கம்மாள் வந்து நின்றார். முகத்துவாரக்குப்பத்திலிருந்து வாரம் ஒருமுறை வருகிறவர். மாடி ஏறமாட்டார். மூன்றாவது மாடியிலிருந்து ஐரீன் கயிற்றில் கூடை இறக்குவார். இறால் மேலே போகும், பணம் கீழே வரும்.

“இன்னா நைனா, லாரியோட சண்ட?” என்றார் சொக்கம்மாள் அண்ணாந்து.

“பேஜாரா கீது சொக்கம்மா. நிம்மதியா கத சொல்ல ஒரு எடமில்ல இந்த ஊர்ல.”

“எங்க குப்பத்துக்கு வா. நாளைக்கு எல்லாரும் பழவேற்காட்டுக்குக் கல்யாணத்துக்குப் போறோம். வலை பின்ற கூடம் காலியா கெடக்கும். எவ்ளோ வேணா கத்து. கேக்கறதுக்குத்தான் ஆள் இருக்காது.”

இக்னேஷியஸின் மூளை ஒரு திருட்டுத்தனம் செய்தது. ஆள் எதற்கு? ‘ம்’ வரவேண்டிய இடத்தில் எல்லாம் சும்மா நிறுத்தினால் போதுமே! அந்த இடைவெளியில் அப்புறமாக, எட்டாவது தெரு மச்சினியிடம் நாலு ‘ம்’ வாங்கி ஒட்டிவிடலாம். சித்தார்த் போனிலேயே ஒட்டிக் கொடுப்பான்.

கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில், கேட்பவருக்கு என்று இடம் விட்டுக் கதை சொல்வது. கதை தெரிந்த எவரும் செய்யாத தப்பு அது. பாடம் படித்தவர்தான் செய்வார்.

மறுநாள் எண்ணூர் ரயில் பிடித்து, ஷேர் ஆட்டோ பிடித்து முகத்துவாரக்குப்பத்தில் இறங்கினார். அன்றைய வெயில் சாதா வெயில் இல்லை. காக்கை நிழல் தேடி இன்னொரு காக்கையின் அடியில் நின்றது. ஒரு வீட்டிலும் ஆளில்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மட்டும் தூரத்தில் நின்றன.

வலை பின்னும் கூடம் என்பது நாலு பக்கமும் திறந்த சிமென்ட் கூரை. தூணுக்குத் தூண் நீல நைலான் வலைகள் தொங்கின. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. இக்னேஷியஸ் ஒரு வலைக்குவியல் மேல் போனை வைத்தார். தரையில் சம்மணம் போட்டார். மணி சரியாகப் பன்னிரண்டு.

“ஒரு ஊர்ல ஒருத்தன் இருந்தான். கடலுக்குப் போறவன்.”

நிறுத்தினார். ‘ம்’முக்கான இடம். அலை அடித்தது.

“ஒரு நாள் உச்சி நேரம். தனியா படகு எடுத்துக்கினு முகத்துவாரம் தாண்டிப் போனான்.”

நிறுத்தினார். அலை.

“ஒரு அலை வந்துச்சு பாரு, ராயபுரம் ஸ்டேஷன் ஒசரம். படகு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.”

நிறுத்தினார்.

“ம்.”

நாய் எழுந்தது. வெயிலில் இறங்கிப் போய்விட்டது.

காற்றில் வலை உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நைலான் அப்படித்தான் முனகும். ஆனால் காற்று இல்லை. வலைகள் அசையவில்லை. ஓவியத்தில் வரைந்ததுபோலத் தொங்கின.

விடவில்லை. பரீட்சை ஆயிற்றே. “கையும் காலும் ஓஞ்சிபோய் முங்கப் போற நேரம், அடியிலர்ந்து ஒரு ஆமை வந்துச்சு. சின்ன ஆமை இல்ல. முதுகுல குடும்பமே குந்தலாம்.”

“ம்...”

மூக்கால் இழுத்த ‘ம்’. ஆண் குரல். எதிரில், நாலு முழத் தூரத்தில்.

எதிரில் யாரும் இல்லை.

இடம் விட்டால்தானே வரும்? இனி விடவே கூடாது. பழைய இக்னேஷியஸாக மாறினார். ஒரே மூச்சாக ஓட்டினார். ஆமை ஓடியது, கப்பலை முந்தியது, சுறாவை மிதித்தது, கடற்படை சல்யூட் அடித்தது... அறுபத்து நாலு வயது நெஞ்சு எவ்வளவு தாங்கும்? மூச்சு வாங்க நின்றார். அரை நொடி.

“ம்.”

இப்போது இன்னும் கிட்டே.

எழுந்து ஓட நினைத்தார். கால் மரத்திருந்தது.

மேலே சொல்ல நாக்கு எழவில்லை. உட்கார்ந்திருந்தார். அலை மட்டும் அடித்தது. அப்புறம் அதுவும் நின்றதுபோல இருந்தது.

“அப்பறம்?”

பொறுமையாகக் கேட்டது குரல்.

முடித்துவிட வேண்டும். சீக்கிரம் முடித்துவிட வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது.

“அப்பறம்... ஆமை கரையில எறக்கி வுட்டுச்சு. அவன் வூட்டுக்கு வந்து சேந்தான். அவ்ளோதான் கத.”

ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாடா என்று போனை எடுக்கக் கை நீட்டினார்.

“வரல.”

கை நின்றது.

“எந்த வூடு?”

இக்னேஷியஸுக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. எந்த வீடு? கதவு என்ன கலர்? எங்கே உட்காருவான்? வகுப்பில் கேட்ட அதே கேள்விகள். கதையில் வீடே இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே வீடு. வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போனது.

“ராயபுரம்... கோயில் தெரு... மூணாவது மாடி. பச்சைக் கதவு. உள்ள போனா இடது கை பக்கம் வயர் நாற்காலி. அதுல குந்தினா ஃபேன் காத்து நேரா வரும். பொஞ்சாதி சோறு போடுவா... அந்த வூடு...”

நீளமாக, நிம்மதியாக, ஒரு பெருமூச்சுபோல...

“ம்...ம்.”

எதிரில் சிமென்ட் தரையைப் பார்த்தார்.

உலர்ந்த தரை.

நடுவில் ஒரு ஈரக் கால்தடம்.

ஒரே ஒரு கால். இடது.

வந்த தடமும் இல்லை. போன தடமும் இல்லை.

ஓய்வுபெற்ற மூட்டு ஓடிய ஓட்டத்தில் எண்ணூர் ரயில் வெட்கப்பட்டுச் சிக்னலில் நின்றது. செருப்பு ஒன்று கூடத்திலேயே கிடந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மூச்சிரைக்க எல்லாவற்றையும் ஐரீனிடம் கொட்டினார். ஒரு சொல் கூட்டவில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக.

ஐரீன் முழுசாகக் கேட்டார். ‘ம்’ கொட்டவில்லை.

“பேய் சல்யூட் வச்சிதா?”

“ஐரீனு, அந்தோணியார் சத்தியமா சொல்றேன்.”

“அவர ஏன் இதுல இழுக்கற? செருப்பு எங்க? தண்ணி போட்டியா?”

பதிவைப் போட்டுக் காட்டினார். அதில் அவர் குரல் இருந்தது. இடைவெளிகள் இருந்தன. இடைவெளிகளில் அலைச் சத்தம் மட்டும் இருந்தது. கடைசியில், யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு கிழவர் தன் வீட்டு விலாசத்தைப் பதறிப் பதறிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கே அதைக் கேட்கக் கூசியது. முப்பத்தெட்டு வருஷம் புளுகியபோது இல்லாத அவமானம், நிஜத்தைச் சொல்லும்போது வந்தது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

வகுப்பிலும் அதே கதிதான். “பேய்க்கு டப்பிங் நான் குடுக்கட்டா நைனா?” என்றான் சித்தார்த். வகுப்பு புரண்டு சிரித்தது. மகிழினி மட்டும் பதிவை இரண்டுமுறை கேட்டார்.

“இந்த இடைவெளி எல்லாம் பிரமாதம் சார். எதிர்ல நிஜமாவே ஆள் இருக்கற மாதிரி நிறுத்தறீங்க. ஆனா கேக்கறவர் இல்லையே. விதிப்படி இது செல்லாது.” கொஞ்சம் யோசித்தார். “அடுத்த சனிக்கிழமை இங்கயே நேர்ல சொல்லுங்க. வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க ம் கொட்டணும். இதுதான் கடைசி.”

ஐரீனா! அவர் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்!

இதற்கிடையில் வீட்டில் ஒரு புதுத் தகராறு ஆரம்பித்திருந்தது. மத்தியானம் ஆனால் வயர் நாற்காலி நனைந்து கிடந்தது. வயர் இடுக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

“குளிச்சிட்டு ஈர லுங்கியோட குந்தாதன்னு எத்தினி தபா சொல்றது? கழிமுகச் சேறு மாதிரி கலீஜா நாறுது.”

“நான் குந்தல ஐரீனு.”

“அப்ப யாரு, நானா? தோ பாரு, தரையில காலு ஈரம். அதுகூட ஒரு காலு. ஒழுங்கா ரெண்டு காலையும் கழுவத் துப்பில்ல.”

இக்னேஷியஸ் பார்த்தார்.

இடது கால்.

சொன்னால் ‘ரீல்’ என்பார். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். கடைசியில் சொன்னார். ஐரீன் தரையைத் துடைத்துக்கொண்டே, “மாசம் பொறந்தா வாடக கேளு” என்றார். மறுநாளும் நாற்காலி நனைந்தது. மறுநாளும் திட்டு. இக்னேஷியஸ் அந்த நாற்காலியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். “நல்லா இருக்கற நாற்காலிய வெயில்ல போட்டு வீணாக்கறியா?” என்று ஐரீன் அதைத் திரும்ப இறக்கி, அதே இடது பக்கத்தில், ஃபேனுக்கு நேராகப் போட்டார்.

சனிக்கிழமை வந்தது. ஐரீன் ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டிக்கொண்டார்.

“வர்றேன். குந்தறேன். ம் மட்டும் எதிர்பாக்காத.”

“பேரே போயிடும் ஐரீனு.”

“போவட்டும். போனா வூட்ல குந்தி இறால் உரி.”

வகுப்பறையில் முன்னால் ஒரு பெஞ்ச் போட்டிருந்தார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில், வகுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். மகிழினி தலையசைத்தார்.

இக்னேஷியஸ் யானைக் கதை சொல்லவில்லை. ஆமைக் கதையும் சொல்லவில்லை. வலை பின்னும் கூடத்தில் நடந்ததைச் சொன்னார். நடந்தது நடந்தபடி. முதல் இடைவெளி விட்டார். மனைவி பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பெயரும் போகப்போகிறது, மானமும் போகப்போகிறது என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

“ம்.”

அவர் பக்கத்திலிருந்து. மெதுவாக.

இக்னேஷியஸுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம்! அடுத்த வரியைச் சொன்னார். நிறுத்தினார். “ம்.” நாய் எழுந்து போனதைச் சொன்னார். “ம்.” சித்தார்த் சிரிப்பதை மறந்து முன்னால் சாய்ந்தான். குரல் வந்ததைச் சொன்னார், ஈரக் காலைச் சொன்னார், வீட்டு விலாசம் கொடுத்ததைச் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் அளந்து வைத்ததுபோல ‘ம்’ விழுந்தது. முடித்ததும் கைதட்டல் கூரையைத் தூக்கி மெரினாவில் போட்டது.

“என்ன கற்பனை சார்!” என்றார் மகிழினி.

“கற்பனை இல்லம்மா...”

“பாத்தீங்களா, இப்பக்கூட விடமாட்டேங்கறீங்க! பாஸ். அதுவும் பாதி மார்க்கு அம்மாவுக்கு. அம்மா, எவ்வளவு அழகா ம் கொட்டினீங்க! கொஞ்சம் மூக்கால இழுத்து... அது எல்லாருக்கும் வராது.”

ஐரீன் பெஞ்சிலிருந்து எழுந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பஸ்ஸில் இக்னேஷியஸ் பூரித்துப் போயிருந்தார். “ஒத்துக்க ஐரீனு, கடைசில கொட்டிட்டல்ல?” ஐரீன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பாரிமுனை வந்தது. ராயபுரம் வந்தது. கூச்சம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்று முதல் நாற்காலிக்குத் திட்டு விழவில்லை என்பதையும் அவர் கவனிக்கவில்லை. ஜெயித்த ஆளுக்கு எங்கே கண் தெரியும்?

புதன்கிழமை அவர் ரேஷன் கடையில் வரிசையில் நின்று திரும்பினார். தெருவில் சொக்கம்மாளின் கூடை இல்லை. கயிறும் தொங்கவில்லை. மேலே போனார். பச்சைக் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் சொக்கம்மாள் நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மாடி ஏறியிருந்தார். ஐரீன்தான் கூப்பிட்டிருந்தார்.

உள்ளே ஃபேன் ஓடியது. வயர் நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொக்கம்மாள் நாற்காலியைப் பார்க்கவில்லை. அதன் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒத்தக் காலு” என்றார். “இடது காலு.”

“ஆமா” என்றார் ஐரீன்.

“எங்க வூட்டுக்காரரு எங்க குந்துனாலும் வலது கால மடக்கி மேல வச்சிக்கினுதான் குந்துவாரு. படகுல, கூடத்துல, கல்யாணப் பந்தியில... எங்கயும்.”

இக்னேஷியஸின் கையிலிருந்த அரிசிப் பை நழுவியது. “உன் வூட்டுக்காரரா? நீ சொல்லவேயில்லையே சொக்கம்மா...”

“இன்னான்னு சொல்றது நைனா? உதயான்னு பேரு. மூணு வருசமாச்சு. ஒரு நாள் உச்சி நேரம் தனியா படகு எடுத்துக்கினு முகத்துவாரம் தாண்டிப் போனாரு. படகு மட்டும் வந்துச்சு. அவரு வரல.”

ஒரு சொட்டு விழுந்தது.

“கதன்னா உசுரு அவருக்கு. கூடத்துல யாரு பேசினாலும் எதிர்ல போய்க் குந்திக்குவாரு. மூக்கால ம்...ம்னு இழுப்பாரு. கேலி பண்ணுவோம்.” சொக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அதே வருசம் மழையில எங்க வூட்டக் கடல் தூக்கிக்கினு பூடுச்சி. இப்ப அங்க கருங்கல்லு கொட்டி வச்சிருக்காங்க. நான் தங்கச்சி வூட்ல குந்திக்கினு கீறேன். ஒருவேள வந்தாகூட எங்கன்னு வருவாரு, எந்த வூடுன்னு தேடுவாருன்னு... அது ஒண்ணுதான் நைனா எனக்கு ராத்திரியெல்லாம்.”

எந்த வூடு?

இக்னேஷியஸ் ஐரீனைப் பார்த்தார். இப்போதாவது சிரிப்பார், இப்போதாவது ‘ரீல்’ என்பார் என்று. அப்படிச் சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

ஐரீன் சிரிக்கவில்லை.

“இன்னிக்கு நீ ரேசன் கடையில நின்னுகினு இருந்த. நான் இந்த நாற்காலியையே பாத்துக்கினு குந்தியிருந்தேன். பன்னெண்டு மணி. என் கண்ணு முன்னால நனஞ்சிது.”

“ஐரீனு...”

“இன்னொண்ணும் கேட்டுக்கய்யா. அன்னிக்கு காலேஜுல...” குரல் இறங்கியது. “ம் கொட்டினது நான் இல்ல. எனக்கும் உனக்கும் நடுவுலர்ந்து வந்துச்சு. பெஞ்சு நனஞ்சி என் பொடவையெல்லாம் ஈரம்.”

சொக்கம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில், நாற்காலிக்கு எதிரில், மெதுவாக உட்கார்ந்தார்.

ஐரீன் அடுப்படிக்குப் போனார். வாசலில் நின்று திரும்பினார்.

“நீ சொன்னதெல்லாம் நடந்துச்சுய்யா. நான் ஒத்துக்கறேன்... இன்னா மரம் மாதிரி நிக்கற? நாலு தட்டு எடு.”